ஒரு தடவைக்கு ஒரு குறை

மார்ச் 4

அக்காவுக்கு,

பெட்டி திரும்பி வந்துவிட்டது. நான் கட்டிய கயிற்றையே திருப்பிக் கட்டி அனுப்பியிருக்கிறாய். நல்ல சிக்கனம்.

நீ படியில் சறுக்கி விழுந்து, வலது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் மடங்காமல் போய்விட்டன என்று அத்தான் சொன்ன அன்றே என் மனசில் படம் வரைந்தாயிற்று. மூன்று விரலுக்கும் எஃகுக் கூடு, கணுவுக்குக் கணு கீல், மணிக்கட்டை அசைத்தால் மூன்றும் தானாக மடங்கும். மழைக்காலம் முழுக்க ஷிப்டு முடிந்த பிறகும் ஃபாக்டரியில் இரும்பு அச்சுகள் செய்கிற எங்கள் டூல் ரூமில் நின்று செய்தேன். எங்கள் ஃபோர்மேன் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. மாதக்கணக்கில் கடைந்த அச்சைக் கொண்டுபோய் வைத்தாலும் "ம்" என்பார், அந்த "ம்"முக்கே நாங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்போம். அவர் இதைக் கையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "நிஜமாவே நீதான் செஞ்சியா?" என்று கேட்டார்.

நீ என்ன எழுதினாய்? "கண்ணாடி அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும். எனக்கு உதவாது." இரண்டே வரி. எப்படி இருக்கிறாய் என்றுகூட ஒரு வார்த்தை இல்லை.

உன் வாயிலிருந்து ஒரு "நல்லா இருக்கு" வாங்குவதற்குச் சின்ன வயசிலிருந்து நான் படாத பாடு பட்டாயிற்று. இனிமேல் படுவதாக இல்லை. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

உன் தங்கை (இதுவரைக்கும்)


மார்ச் 13

அடி முசுடே,

போனை எடுக்கவில்லை, சரி. எழுதுவதும் நல்லதுதான். பேசினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நீ செய்தது அழகு. அத்தான் அதைத் தொடவே பயந்தார். ஆனால் மாட்டிக்கொண்டால் என் கை மேசையை விட்டு எழும்பவில்லை, அவ்வளவு கனம். கீலில் தோல் சிக்கி இரண்டு இடத்தில் கன்றிப்போனது. அதுகூடப் பரவாயில்லை. கோட்டுத் துணி வெட்டுகிற பெரிய கத்தரியை நாங்கள் தூக்கிப் பிடித்து வெட்டுவதில்லையடி. கீழ் அலகு மேசையில் படுத்தபடியே ஓடும், மேல் அலகைக் கட்டைவிரல் தூக்கி இறக்கும். மற்ற விரல்களுக்குப் பிடிக்கிற வேலை குறைவு, தள்ளுகிற வேலைதான் அதிகம். என் கட்டைவிரல் குத்துக்கல் மாதிரி நன்றாகவே இருக்கிறது. விரல் மடங்க வேண்டும் என்று நான் உன்னிடம் சொன்னேனா? நீதான் என்னிடம் கேட்டாயா? எதையும் முழுசாகச் செய்து, பாலிஷ் போட்டு, முன்னால் கொண்டு வந்து நிறுத்திக் கை தட்டச் சொல்வது உன் பிறவிக் குணம்.

அந்தச் சீட்டைக் கோபத்தில் எழுதினேன். ஏன் கோபம் என்று கேள். என்னைப் பொத்தான் அறையில் போட்டிருக்கிறார்கள். கட்டிங் மாஸ்டர் என்று கூப்பிட்ட வாயெல்லாம் இப்போது "அக்கா, கறுப்புல பெரிய சைஸ் எடுங்க" என்கிறது. முதலாளி கெட்டவர் இல்லை. "ஆகஸ்ட்ல கோட்டு சீசன் தொடங்குற வரைக்கும் உன் மேசை காலியா இருக்கும். அதுக்கு மேல என்னால முடியாது, வேற ஆள் போட்டாகணும்" என்று நேராகச் சொல்லிவிட்டார். உன் பெட்டி வருகிறது என்று தெரிந்ததும் அதைத்தான் மலை போல நம்பியிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு புது உடம்புக்குக் கோட்டு தைக்கும்போது நல்ல துணியில் யாரும் நேராகக் கத்தரி வைக்க மாட்டார்கள். மட்டத் துணியில் வெட்டி, பெரிய பெரிய தையலாக ஓட்டி, ஆளுக்குப் போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி ஓட்டுவோம். நீயும் அப்படிச் செய். உனக்கே பார்க்க வெட்கமாக இருக்கிற மாதிரி ஒன்றைச் சீக்கிரம் அனுப்பு. நான் வெட்டிப் பார்த்து, வெட்டின துணியில் ஒரு துண்டையும் சேர்த்து அனுப்புகிறேன். குறையை முகத்துக்கு நேரே சொல்வேன். தாங்குவாயா?

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

கேட்டபடி வெட்கக்கேடு ஒன்று வருகிறது. பார்சல் ஆபீஸில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். "குப்பை" என்றேன். "குப்பையை எதுக்கும்மா இவ்வளவு தூரம் அனுப்பறீங்க?" என்றார் அந்த ஆள். "எங்க அக்கா ஆசைப்பட்டுக் கேட்டா" என்றேன்.

ஒரு பழைய கத்தரியின் கீழ்ப்பிடியை அறுத்து எறிந்துவிட்டேன். அந்த இடத்தில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு மரக்கட்டை. உன் உள்ளங்கை அதன்மேல் படுத்துக்கொள்ளும், மூன்று விரலும் சும்மா நீட்டிக்கொண்டு ஓய்வெடுக்கலாம். சைக்கிள் டியூபை வெட்டி ஒரு பட்டை போட்டிருக்கிறேன், கையைக் கட்டையோடு சேர்த்து மணிக்கட்டில் கட்டிக்கொள். ஒரே சாயந்தரத்தில் செய்தது. ஃபோர்மேன் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

இன்னும் கோபம் போகவில்லை. அதைத் தனியாக வைத்திருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 2

அடி முசுடே,

நகர்கிறது! ஒரு முழம் வெட்டினேன். கோணல்மாணல்தான், ஆனாலும் வெட்டினேன். விழுந்ததற்குப் பிறகு இது முதல் தடவை. பொத்தான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குறை: கட்டையின் முன்பக்கம் துணியைச் சுருட்டிக்கொண்டு போகிறது. பெருக்குமாறு குப்பையைத் தள்ளுகிற மாதிரி. துண்டு உள்ளே இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

இன்னொரு கத்தரிக்கும் கட்டை வைத்து, முன்பக்கத்தைப் படகு மூக்கு மாதிரி சீவியிருக்கிறேன். இனி துணிக்கு அடியில் நுழைந்து போகும். உன்னிடம் இருப்பதைத் திருப்பி அனுப்பு, இனிமேல் இரண்டு கத்தரிகள் மாறி மாறிப் பயணம் செய்யட்டும்.

உன் துண்டை எங்கள் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அச்சின் விளிம்பைப் பார்க்க நாங்கள் வைத்திருப்பது. கத்தரி ஒவ்வொரு தடவை மூடித் திறக்கிற இடத்திலும் துணியில் ஒரு சின்ன முனை நிற்கிறது, அது உனக்குத் தெரியுமா? தொடக்கத்தில் ஒரே சீராக இருக்கிறது. கடைசிப் பக்கம் வர வர முனைகள் நெருங்கிவிட்டன. கட்டைவிரல் களைத்துப்போயிருக்கிறது. நீ எழுதவில்லை, துணி சொல்லிவிட்டது. மேல் அலகு தானாக எழும்ப ஒரு ஸ்பிரிங் யோசித்து வைத்திருக்கிறேன்.

இப்படி ஒரு விளிம்பை உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை நீ பாராட்டாக எடுத்துக்கொள்ளாதே.

தங்கை


மே 9

அடியே,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்? ஸ்பிரிங் ஒன்று போடுவதாக எழுதினாய். வந்ததைப் பார்த்தால் ஸ்பிரிங் இருக்கிறது, டியூபுக்குப் பதில் தோல் பட்டை, கட்டை உயரம் குறைந்துவிட்டது, அலகை வேறு புதுசாகச் சாணை பிடித்திருக்கிறாய். மறுபடி பாலிஷ் பேய் பிடித்துக்கொண்டதா? இப்போது வெட்டினால் போன தடவையைவிட மோசம். எதனால் மோசம்? எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, அந்தப் பூதக்கண்ணாடிக்கும் தெரியாது.

கோட்டு சரியாக உட்காரவில்லை என்றால் தோளையும் இடுப்பையும் ஒரே சமயத்தில் பிரிப்போமா? தோளைப் பிரித்து, போட்டுப் பார்த்து, அப்புறம்தான் இடுப்புக்குப் போவோம். ஒரு தடவைக்கு ஒரு குறை. நான் ஒன்றுதான் சொல்வேன், நீ ஒன்றைத்தான் தொட வேண்டும். உனக்கு அவசரம், புரிகிறது. மேசை போய்விடுமே என்று உன்னைவிட எனக்குத்தான் பயம் அதிகம்.

பழைய கட்டை, பழைய பட்டை, ஸ்பிரிங் மட்டும் புதுசு. அப்படி ஒன்று அனுப்பு.

அக்கா


மே 16

அனுப்பியிருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான். திட்டு வாங்கியதில் ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் நீ சொன்னது சரி.


மே 27

ஸ்பிரிங் முரடு. மூடும்போது கட்டைவிரலோடு மல்லுக்கு நிற்கிறது.


ஜூன் 3

ஒரு சுற்றுக் குறைத்தேன். கூடவே அலகு ரொம்ப அகலமாகத் திறக்காமல் இருக்க ஒரு தடுப்பு வைத்தேன். இரண்டும் ஸ்பிரிங் வேலைதான், கணக்கில் ஒன்று என்று எடுத்துக்கொள்.


ஜூன் 11

எடுத்துக்கொண்டேன், பிழைத்துப் போ. விரல் இப்போது களைக்கவில்லை. டியூப் பட்டை மணிக்கட்டு எலும்பில் உரசுகிறது.


ஜூன் 17

தோல் பட்டை, எலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டுகிற மாதிரி. கட்டையின் பக்கத்தில் நாலு ஆணி அடித்து இறுக்கியிருக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை. கை துறுதுறு என்று இருந்தது, பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.


ஜூன் 24

அடி முசுடே,

கோட்டின் முதுகுப் பக்கம் ஒன்றை மேலிருந்து கீழ் வரை ஒரே மூச்சில் வெட்டினேன். பக்கத்து மேசை அண்ணன் வந்து விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நீ விழறதுக்கு முன்னாடி வெட்டினதா, இப்ப வெட்டினதா?" என்றார். "நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன். அவரால் சொல்ல முடியவில்லை! அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இதுவரை நேர்க்கோடுதான். அடுத்து வளைவு வெட்டிப் பார்க்கிறேன்.

அக்கா


ஜூலை 2

என் அன்புத் தங்கைக்கு,

வளைவும் வெட்டிப் பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறது. குறை எதுவும் இல்லை. நீ எனக்காக எவ்வளவோ செய்துவிட்டாய், இனிமேல் உன் வேலையைக் கவனி. துண்டு இணைத்திருக்கிறேன், பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 9

அக்கா,

"என் அன்புத் தங்கைக்கு" என்று பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அந்தத் துண்டை வெட்டியது நீ இல்லை. நான் வைத்த தடுப்பு இருக்கிறவரை உன் கத்தரி ஒரு மூடலுக்கு நாலு விரற்கடைக்கு மேல் வெட்டாது. நீ அனுப்பிய துண்டில் ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவில் முக்கால் சாண் இருக்கிறது. முழுசாகத் திறந்த கத்தரி, நல்ல பெரிய கை. யார், பக்கத்து மேசை அண்ணனா? அழகாகத்தான் வெட்டியிருக்கிறார், என் பாராட்டைச் சொல்லிவிடு.

இத்தனை மாதமும் உன் கடிதம் வந்தால் பிரிக்கும்போதே பல்லைக் கடித்துக்கொள்வேன். இன்றைக்கு என்ன குறையோ என்று. ஆனாலும் மறுநாள் காலையில் எங்கே கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதல் தடவையாக "நன்றாக இருக்கிறது" என்று எழுதினாய். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நிற்கிறேன். சின்ன வயசிலிருந்து நான் ஏங்கிய வார்த்தை அது அக்கா. அதையும் பொய்யாகக் கொடுத்துவிட்டாயே.

ஆகஸ்ட் வருகிறது. என்ன நடந்தது என்று எழுது. நடந்ததை மட்டும் எழுது.

தங்கை


ஜூலை 15

அடி முசுடே,

ஆமாம், அண்ணன்தான் வெட்டினார். நான் கெஞ்சிக் கேட்டேன். அவருக்கு மனசே இல்லை.

இதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் கத்தரியில் குறை இருந்தது. அது எனக்கு ஒரு தைரியம். இந்தத் தடவை கத்தரியில் குறையே இல்லை. நேராக விட்டால் வெண்ணெயில் போகிற மாதிரி போகிறது. ஆனால் தோளுக்குக் கீழே, கை வந்து சேர்கிற வளைவு இருக்கிறதே, அங்கே வந்தால் திரும்ப மாட்டேன் என்கிறது. கோடு வளைகிறது, நான் நேரே போகிறேன். மட்டத் துணி ஒரு கட்டு பாழ். அப்போதுதான் தோன்றியது, மிச்சம் இருக்கிற குறை என் கையில்தான் என்று. அதற்கு நீ என்ன ஸ்பிரிங் போட முடியும்?

கட்டிங் மாஸ்டரால் ஒரு வளைவு வெட்ட முடியவில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று இருந்தது. அதனால் உன்னிடம் பொய் சொன்னேன். ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 20

அக்கா,

"வளைவில் திரும்ப மாட்டேன் என்கிறது." இந்த ஒரு வரியை எழுதாமலா இத்தனை நாள் உள்ளுக்குள் புழுங்கினாய்? நீ அனுப்பியதிலேயே எனக்கு அதிகம் பயன்பட்ட வரி இதுதான்.

என் மூன்று விரலையும் துணியால் நீட்டிக் கட்டிக்கொண்டு, உன்னிடம் இருப்பதன் ஜோடியை மாட்டிக்கொண்டு வெட்டிப் பார்த்தேன். நானும் வளைவில் நேராகத்தான் போனேன்! பிறகு விரல்களின் கட்டுத்துணியை அவிழ்த்துவிட்டுச் சாதாரணக் கத்தரியால் வெட்டினேன். வளைவு வரும்போது விரல்கள் பிடிக்குள் மெல்லப் புரள்கின்றன, மணிக்கட்டு திரும்ப இடம் கொடுக்கின்றன. உனக்கு அந்த இடத்தை அடைத்து நாலு ஆணி அடித்தது நான். நீ "உரசுகிறது" என்றாய், நான் இறுக்கினேன். நேர்க்கோட்டுக்கு அது சரி, வளைவுக்கு அது விலங்கு.

மூன்று ஆணியைப் பிடுங்கிவிட்டேன். மிச்சம் ஒன்றுதான், அதைச் சுற்றிப் பட்டை திரும்பும். புதுசாக எதையும் சேர்க்கவில்லை, எடுக்கத்தான் செய்தேன்.

குறை உன் கையில் இல்லை. இருந்திருந்தாலும் நீ எழுதியிருக்க வேண்டும். உன் கை எப்படியோ அப்படித்தான் நான் செய்ய முடியும்.

உடனே வெட்டு. உடனே எழுது.

தங்கை


ஆகஸ்ட் 6

அடி முசுடே, என் தங்கமே,

உட்கார்ந்து படி.

கத்தரி வந்த அன்றைக்கே வளைவு திரும்பியது. முதல் நாள் பல் பல்லாக, அடுத்த நாள் கொஞ்சம் சுமாராக. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் மட்டத் துணியில் அந்த வளைவை மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தேன். நேற்று முன்தினம் நானே முதலாளியிடம் போனேன். "சார், மேசைக்கு ஆள் போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை பார்த்துடுங்க" என்றேன்.

அவர் இரக்கப்பட்டு மட்டத் துணியை எடுத்து விரிக்கச் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் திமிர் வந்ததோ. "மட்டத் துணி எல்லாம் வெட்டி முடிச்சாச்சு சார். நல்லதையே போடுங்க" என்றேன். கருநீலக் கம்பளி, சீசனின் முதல் கட்டு. விரித்தார்கள். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். பக்கத்து மேசை அண்ணன் தன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

முதுகு போயிற்று. முன்பக்கம் இரண்டும் போயிற்று. வளைவுக்கு வந்தேன். ஆணியைச் சுற்றிப் பட்டை மெல்லத் திரும்பியது, என் மணிக்கட்டு திரும்பியது, கத்தரி கோட்டின் மேலேயே போனது. நான் எதையும் யோசிக்கவில்லை முசுடே. விழுவதற்கு முன்னால் வெட்டும்போது எப்படி எதையும் யோசிக்க மாட்டேனோ, அப்படியே இருந்தது.

முதலாளி கத்தரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கம்பெனி சாமான் இது?"

"எங்க வீட்டு சாமான் சார். என் தங்கச்சி செஞ்சது."

"பார்க்கச் சகிக்கலையே. பாலிஷ் கீலிஷ் போட்டு நல்லதா ஒண்ணு செய்யச் சொல்லலாமே?"

"அதைப் பார்க்காதீங்க சார். நான் வெட்டினதைப் பாருங்க."

சொன்ன பிறகுதான் அவரிடம் அப்படிப் பேசிவிட்டோமே என்று தோன்றியது. அவர் துணிமேல் குனிந்தார். வளைவு முழுவதும் நகத்தால் தடவிக்கொண்டே போனார். நிமிர்ந்து, "பொத்தான் ரூம் சாவியைக் கொடுத்துடு. நாளைக்கு மேசைக்கு வந்துடு, மாஸ்டர்" என்றார். அந்த "மாஸ்டர்" என் காதில் இன்னும் இருக்கிறது. அண்ணன்தான் முதலில் கை தட்டினார். இப்போது அவர் கேட்கிறார், மதியத்துக்கு மேல் தன் கட்டைவிரல் வலிக்கிறதாம், தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று. "குறை சொல்லத் தெரியணும்ணே, உங்களுக்கு அது வராது" என்றேன்.

நேற்றும் இன்றும் என் மேசையில் வெட்டினேன். அத்தான் வீட்டில் எல்லோரிடமும் தானே வெட்டின மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஒரு தடவை ஏமாற்றியவள் நான், என் வார்த்தையை நீ நம்பத் தேவையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. என்னை நினைத்தாலும்தான், அதை எதற்கு மறைக்க?

அக்கா


ஆகஸ்ட் 13

அக்கா,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் டூல் ரூமில் சத்தமாக வாசித்தேன். "நான் வெட்டினதைப் பாருங்க" என்ற இடம் வந்ததும் ஃபோர்மேன், "அதை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். நான் முதலில் செய்த எஃகுக் கூட்டை வரிசையில் நின்று மாட்டிப் பார்த்த அதே ஆட்கள்தான். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை. இன்றைக்கு அப்படி இல்லை. காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு, இது என் வேலை, அது என் அக்கா என்று நின்றேன். இது இன்னும் நன்றாக இருந்தது.

நீ எழுதியதை நம்ப மாட்டேன், அது உனக்கே தெரியும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், வியாழக்கிழமை ரயில். எங்கே போனாலும் என் பையில் ஒரு அரம் இருக்கும், எதையாவது தேய்த்துக்கொண்டே இருக்க. இந்தத் தடவை அதை எடுத்து வரவில்லை. உன் மேசைக்கு எதிரில் நிற்பேன். நீ கருநீலக் கம்பளியை விரி, சுண்ணக்கட்டியால் கோடு போடு, வெட்டு. நான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன்.

உன் தங்கை